மேசையை விட்டுப் போகும் கணினி

வங்கிக் கிளைக்கு வரும் வாடிக்கையாளர், முகப்பில் அமர்ந்திருக்கும் ஊழியரின் மேசையில் ஒரு கணினியைக் காண்கிறார். தம் கணக்கும் இருப்புத் தொகையும் அந்தப் பெட்டிக்குள்தான் இருக்கின்றன என்று இன்றும் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவருடைய கணக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது. மேசைக் கணினி அதைத் திறந்து காட்டும் சாளரம் மட்டுமே. ஆனால் அந்தப் பெட்டி வெறுமையாகவும் இல்லை. அதன் வன்தட்டில் வாடிக்கையாளர் எண்ணிப் பார்க்காத பல பொருள்கள் தங்கியிருக்கின்றன. அவற்றைப் பற்றியும், அந்தக் கணினியையே மேசையிலிருந்து அகற்றிவிட முயலும் ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றியும் என் கருத்தை இங்கே முன்வைக்க விரும்புகிறேன். நான் வணிகவியல் படித்தவன். கணினிப் பொறியாளன் அல்லன். ஆகவே இதனை ஒரு கணக்கரின் கண்கொண்டும், கிளையில் பணிபுரிந்தவனின் கண்கொண்டும் மட்டுமே பார்க்கிறேன்.

கணக்கு போயிற்று, கோப்பு தங்கிற்று

இந்திய வங்கிகளில் கணினி நுழைந்தது தடித்த பேரேடுகளின் காலத்தில். டாக்டர் சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் கிளைகளுக்கு வந்தன. அப்போது ஒவ்வொரு கிளையின் கணக்கும் அந்தக் கிளைக்குள்ளேயே இருந்தது. ஒரு கிளையில் கணக்கு வைத்திருப்பவர் மற்றொரு கிளையில் பணம் எடுக்க இயலாது. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் 'கோர் பேங்கிங்' முறை பரவியபோது கணக்குகள் அனைத்தும் மையத்துக்குச் சென்றன. வாடிக்கையாளர் ஒரு கிளைக்கு உரியவர் என்ற நிலை மாறி, வங்கிக்கே உரியவரானார்.

கணக்கு மையத்துக்குச் சென்றபோது, கணக்கைச் சுற்றியுள்ள தாள்கள் உடன் செல்லவில்லை. வீட்டுக் கடன் விண்ணப்பத்தை ஆராயும் அலுவலர் எக்செல் தாளில் போடும் கணக்கு, ஸ்கேன் செய்யப்பட்ட ஆதார், பான் அட்டைகள், சம்பளச் சான்றுகள், சொத்துப் பத்திரத்தின் படிகள், இறந்த கணக்குதாரரின் வாரிசுச் சான்று, நீதிமன்றத்திலிருந்து வந்த கடிதத்துக்கான பதில் ஆகியவை எங்கே இருக்கின்றன? பல அலுவலகங்களில் இவை மேசைக் கணினியின் கோப்புறைகளில் இருக்கின்றன. ஊழியர் மாற்றலாகிச் சென்ற பிறகும் இருக்கின்றன. கணினி பழுதுபார்க்கச் செல்லும்போது அவையும் உடன் செல்கின்றன. பெட்டகத்துக்கு இரண்டு சாவி வைத்து, இருவர் சேர்ந்தால்தான் திறக்கலாம் என்று விதி வகுத்த வங்கித் தொழிலில், வாடிக்கையாளரின் அடையாளமும் சொத்து விவரமும் பூட்டில்லாத மேசை அறையில் கிடப்பதற்கு ஒப்பான நிலை இது.

தொழில்நுட்பம் என்ன செய்கிறது?

'டெஸ்க்டாப் வர்ச்சுவலைசேஷன்' என்பதனைத் தமிழில் மெய்நிகர் மேசைக்கணினி முறை எனலாம். ஊழியர் பயன்படுத்தும் இயங்குதளம், மென்பொருள்கள், கோப்புகள் அனைத்தும் தரவு மையத்தில் உள்ள பெரிய சர்வர்களில் இயங்கும். ஒரே சர்வர் தன் நினைவகத்தையும் செயலாக்கத் திறனையும் பங்கிட்டுப் பல மெய்நிகர் கணினிகளாகச் செயற்படும். ஊழியரின் மேசையில் ஒரு திரை, விசைப்பலகை, சுட்டி, 'தின் கிளையன்ட்' எனப்படும் கையடக்கப் பெட்டி ஆகியவை மட்டும் இருக்கும். மையத்திலிருந்து திரையின் படம் மேசைக்கு வரும். மேசையிலிருந்து விசை அழுத்தங்கள் மையத்துக்குச் செல்லும். கோப்பு இடம்பெயர்வதில்லை.

இதில் இருவகை உண்டு. ஒவ்வொரு ஊழியருக்கும் அவருக்கே உரிய மெய்நிகர் கணினியை நிரந்தரமாக ஒதுக்குவது ஒன்று. ஒரே அச்சில் வார்த்த பல கணினிகளைப் பொதுவில் வைத்து, உள்நுழைபவருக்கு ஒன்றைத் தந்து, அவர் வெளியேறியதும் அதனை அழித்துப் புதிதாக்குவது மற்றொன்று. முகப்புப் பணிகளுக்கு இரண்டாம் வகை பெரிதும் பொருந்தும். முந்தைய நாள் ஏதேனும் தீய நிரல் உள்ளே புகுந்திருந்தாலும், அந்தக் கணினி மறுநாள் தூய நிலையில்தான் எழும்.

இந்தக் கருத்து புதியதன்று. ஒரு பெரிய கணினியைப் பல கணினிகளாகத் தோன்றச் செய்யும் விஎம்/370 என்ற அமைப்பை ஐபிஎம் நிறுவனம் 1972-லேயே அறிவித்தது. பின்னர் ஒவ்வொரு மேசைக்கும் தனிக் கணினி என்ற காலம் வந்தது. இப்போது சக்கரம் மீண்டும் மையத்தை நோக்கிச் சுழல்கிறது. இடைப்பட்ட காலத்தில் மாறியது தொலைத்தொடர்பின் வேகமும் சர்வர்களின் விலையும்தான்.

ஏன் ஆதரிக்கிறேன்?

முதற்காரணம், பரந்து கிடக்கும் கணினிகளைக் காலத்தோடு ஒட்டிப் பராமரிப்பது எவ்வளவு அரிது என்பதை நம் வங்கித் துறையே கண்டிருக்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலில் நின்றுபோயின. அதன் பின்னும் நாட்டின் பல ஏடிஎம் இயந்திரங்கள் அதிலேயே இயங்கின. ரிசர்வ் வங்கி 2018 ஜூனில் சுற்றறிக்கை விடுத்து, அனைத்து ஏடிஎம்களையும் 2019 ஜூனுக்குள் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றுமாறு காலக்கெடு விதிக்க வேண்டியதாயிற்று. திருத்தம் நின்ற நாளுக்கும் காலக்கெடுவுக்கும் இடையே ஐந்து ஆண்டுகள். இதற்கிடையில், 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற தீய நிரல் உலகெங்கும் பரவி, உரிய திருத்தம் இடப்படாத கணினிகளை முடக்கியது. இதே நிலை மேசைக் கணினிகளுக்கும் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அடுத்த பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினிகள் எல்லா அலுவலகங்களிலும் உள்ளன. மையத்தில் ஒரே ஒரு மூல அச்சைத் திருத்தினால் எல்லா மேசைகளும் திருந்தும் என்ற நிலை இருப்பின், இத்தகைய மாற்றம் ஆண்டுக்கணக்கில் நீள வேண்டியதில்லை.

இரண்டாம் காரணம், பொறுப்பு. கணினிப் பாதுகாப்பு நிகழ்வுகளை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாட்கள் காக்க வேண்டும் என்று 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், போதிய பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க வகை செய்கிறது. எந்தக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்றே அறியாத நிறுவனம், அது திருடு போனதை 6 மணி நேரத்தில் எங்ஙனம் அறியும்? கோப்பு ஒரே இடத்தில் இருந்தால், அதை யார் எப்போது திறந்தார் என்பதும் அங்கேயே பதிவாகும். பேரேட்டில் கையொப்பமிடாமல் எவரும் பதிவு செய்யக் கூடாது என்ற பழைய வங்கி ஒழுக்கத்தின் தொடர்ச்சியாகவே நான் இதனைக் காண்கிறேன்.

மூன்றாம் காரணம், 2020 மார்ச் மாதம் நமக்குக் காட்டியது. நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் மேசைக் கணினிகளை ஊழியர்களின் வீடுகளுக்கே ஏற்றி அனுப்ப நேர்ந்தது. வீட்டிலிருந்து பணிபுரிவதற்கான தொலைத்தொடர்பு விதிகளை அரசு அந்த மாதமே தளர்த்தியது; நவம்பரில் அவற்றைப் பெரிதும் எளிமையாக்கியது. வங்கிக் கிளைகள் அத்தியாவசியச் சேவை என்ற முறையில் திறந்தே இருந்தன. ஆனால் கடன் ஆய்வு, கணக்குச் சரிபார்ப்பு, வாடிக்கையாளர் குறை தீர்ப்பு போன்ற பின்னணிப் பணிகளைச் செய்வோர் எங்கிருந்தாலும் தம் பணித்திரையை அடைய முடிந்த நிறுவனங்களில் வேலை தேங்கவில்லை. அவ்வசதி இல்லாத இடங்களில் கோப்புகள் சொந்த மடிக்கணினிக்கும் சொந்த மின்னஞ்சலுக்கும் இடம்பெயரும் ஆபத்து இருந்தது. தனிமனிதரின் நேர்மையை மட்டும் நம்பி அமைப்பை நடத்தலாகாது என்பது வங்கியியலின் முதற்பாடங்களுள் ஒன்று.

கணக்குப் புத்தகம் சொல்வது

இந்த முறையை விற்போர் முதலில் கூறுவது, செலவு குறையும் என்பதே. இதனை நான் முழுமையாக ஏற்கவில்லை.

2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, மேசைக் கணினி, மடிக்கணினி ஆகியவற்றின் பயன்பாட்டுக் காலத்தை 3 ஆண்டுகள் என்றும், சர்வர்களுக்கும் வலையமைப்புக் கருவிகளுக்கும் 6 ஆண்டுகள் என்றும் வகுத்துள்ளது. மேசையில் உள்ள சிறு பெட்டியில் சுழலும் வன்தட்டு இல்லை, செய்ய வேண்டிய வேலையும் குறைவு. எனவே அது நெடுநாள் உழைக்கும், மின்சாரமும் மிகக் குறைவாகவே உண்ணும். இவ்வளவும் உண்மை. ஆனால் மேசையில் சேமித்த மின்சாரத்தின் ஒரு பகுதி தரவு மையத்தின் சர்வர்களுக்கும் குளிரூட்டலுக்கும் செலவாகிறது. ஊழியர் அனைவரும் காலை பத்து மணிக்குச் சற்று முன்பு ஒரே நேரத்தில் உள்நுழைவர். அந்தச் சில நிமிட நெரிசலைத் தாங்கும் அளவுக்குச் சர்வர்களை வாங்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் அத்திறனில் ஒரு பகுதி சும்மா இருக்கும். இயங்குதளத்துக்கு ஓர் உரிமம், மெய்நிகர் முறைக்கு ஓர் உரிமம், சர்வர் மென்பொருளுக்கு ஓர் உரிமம் என்று கட்டணங்கள் அடுக்கடுக்காக வரும். மூலதனச் செலவாக இருந்தது ஆண்டுதோறும் கட்ட வேண்டிய வருவாய்ச் செலவாக மாறும்.

அதனினும் கவலை தருவது, விற்பவர் கைமாறுவது. இத்துறையின் முன்னணி நிறுவனமான விஎம்வேர் 2016-இல் டெல் நிறுவனத்தின் பிடிக்குள் வந்தது. 2021-இல் தனியே பிரிந்தது. 2023 நவம்பரில் பிராட்காம் அதனை வாங்கியது. வாங்கிய அடுத்த மாதமே, ஒருமுறை விலை கொடுத்துப் பெறும் நிரந்தர உரிமங்களின் விற்பனை நிறுத்தப்பட்டுச் சந்தா முறை மட்டுமே எஞ்சியது. அதன் மெய்நிகர் மேசைக்கணினிப் பிரிவு 2024-இல் வேறொரு முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, ஆம்னிசா என்ற புதுப்பெயர் பெற்றது. மற்றொரு முன்னணி நிறுவனமான சிட்ரிக்ஸும் 2022-இல் முதலீட்டு நிறுவனங்களின் கைக்குச் சென்றது. பத்தாண்டுத் திட்டம் தீட்டும் வங்கி, அந்தப் பத்தாண்டுக்குள் விற்பனையாளர் மும்முறை மாறக் கூடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநிறுவனங்களிடம் தொழில்நுட்பச் சேவை பெறுவது குறித்து ரிசர்வ் வங்கி 2023 ஏப்ரலில் வெளியிட்ட நெறிமுறை, ஒப்பந்தத்திலிருந்து வெளியேறும் திட்டத்தையும் வங்கி வகுத்திருக்க வேண்டும் என்கிறது. அது தாளில் மட்டும் இருந்தால் போதாது. புகும்போதே வெளியேறும் வழியின் செலவையும் மதிப்பிட வேண்டும்.

ஆகவே, செலவு மிச்சமாகும் என்ற காரணத்துக்காக மட்டும் இதனை வாங்கும் நிறுவனம் ஏமாற்றமடையும் என்பது என் கருத்து. பாதுகாப்புக்காகவும் தொடர் சேவைக்காகவும் தரும் விலையாக இதனைக் கருதினால், அது நியாயமான விலை.

ஒற்றைத் தூண் மண்டபம்

மையப்படுத்துவதில் உள்ள பெரும் ஆபத்து, மையம் தவறினால் எல்லாம் தவறும் என்பதே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. நம் நாட்டில் 10 வங்கிகளிலும் வங்கிசாரா நிதி நிறுவனங்களிலும் சிறிய இடையூறுகள் மட்டுமே நேர்ந்தன என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. இந்நிகழ்ச்சி இருபக்கமும் பேசும். பல கணினிகளை ஆள் நேரில் சென்று ஒவ்வொன்றாக எழுப்ப வேண்டியிருந்தது. மெய்நிகர் முறையில் மூல அச்சைப் பழைய நிலைக்குத் திருப்பினால் போதும். ஆனால் அந்த மூல அச்சிலேயே பிழை புகுந்தாலோ, சர்வர்களே விழுந்தாலோ, ஒரு மேசைகூட எழாது.

அதே ஜூலையின் இறுதி நாளில், கூட்டுறவு வங்கிகளுக்கும் வட்டார ஊரக வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை வழங்கும் ஒரு நிறுவனத்தின் கணினிகள் பிணைத்தொகை கேட்கும் நிரலால் தாக்கப்பட்டன. தேசிய பணப்பட்டுவாடாக் கழகம் முன்னெச்சரிக்கையாக அந்நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணப்பரிமாற்றம் செய்ய இயலாது தவித்ததாகச் செய்திகள் வந்தன. மறுநாள் இணைப்பு மீண்டது. ஒரு தூணில் பல மண்டபங்கள் நின்றால், அத்தூணில் கீறல் விழும் நாளில் என்ன நிகழும் என்பதற்கு இது சான்று.

இதைவிட எளிய, அன்றாடம் நேரும் தடை ஒன்று உண்டு. 'இணைப்பு இல்லை, சற்று நேரம் கழித்து வாருங்கள்' என்று கிளைகளில் கூறப்படுவதை வாடிக்கையாளர்கள் பலரும் கேட்டிருப்பர். இன்று இணைப்பு அறுந்தால் பணப்பரிமாற்றம் மட்டும் நிற்கிறது. ஊழியர் கடிதம் தட்டச்சு செய்யலாம், விண்ணப்பத்தை ஆராயலாம், படிவம் அச்சிடலாம். மெய்நிகர் முறையில் இணைப்பு அறுந்தால் திரையே இருண்டுவிடும். நகரக் கிளைக்கு இது அரை மணி நேரச் சங்கடம். மலைப்பகுதியிலும் எல்லைப்புறத்திலும் உள்ள கிளைகளில், மழைக்காலத்தில் கம்பி அறுந்தால் சீராகப் பல மணி நேரம் ஆகலாம். முதியோர் உதவித்தொகை பெற ஐந்து கிலோமீட்டர் நடந்து வந்தவருக்குத் தரவு மையத்தின் பெருமையைச் சொல்லிப் பயனில்லை.

செயற்கைக்கோள் வழி இணைப்பைக் கொண்டு ஈடுசெய்யலாம் என்பர். புவியோடு இணைந்து சுழலும் செயற்கைக்கோள் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வழியே மையத்துக்குச் சென்று பதிலுடன் திரும்பும் சமிக்ஞைக்கு ஏறத்தாழ அரை விநாடி ஆகிறது. ஒரு பணப்பதிவுக்கு இத்தாமதம் பொருட்டன்று. ஆனால் ஒவ்வோர் எழுத்தும் அரை விநாடி கழித்துத் திரையில் தோன்றினால் எவராலும் விரைவாக வேலை செய்ய இயலாது.

கருவிகளின் சிக்கலும் உண்டு. முகப்பில் பாஸ்புக் அச்சுப்பொறி, காசோலை ஸ்கேனர், கைரேகைக் கருவி எனப் பல உள்ளன. இவை மேசையில் இருக்கும்; இவற்றை இயக்கும் மென்பொருளோ மையத்தில் இருக்கும். இரண்டும் ஒத்துப் போகாவிடில் வரிசை நகராது. பெரிய அலுவலகத்தில் சோதித்துப் பார்த்து வெற்றி என்று அறிவித்துவிட்டு, பாஸ்புக் பதியும் முகப்புக்கு வந்தபின் தடுமாறுவது முறையாகாது.

என் பரிந்துரை

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்கையில், வங்கிகள் மெய்நிகர் மேசைக்கணினி முறையை ஏற்க வேண்டும் என்றும், ஆனால் ஒரு வரிசைமுறையில் ஏற்க வேண்டும் என்றும் கருதுகிறேன்.

முதலில் தலைமை அலுவலகம், வட்டார அலுவலகங்கள், கடன் ஆய்வு மையங்கள், வாடிக்கையாளர் அழைப்பு மையங்கள் ஆகியவை மாறட்டும். வாடிக்கையாளரின் ஆவணங்கள் மிகுதியாகக் குவியும் இடங்களும், நல்ல இணைப்பு உள்ள இடங்களும் இவையே.

அடுத்து, கிளைகளுக்குச் செல்லுமுன் ஒவ்வொரு கிளைக்கும் இரண்டு தனித்தனி இணைப்புகள் தரப்பட வேண்டும். இரு நிறுவனங்களிடம் பெற்று, இரண்டும் ஒரே பள்ளத்தில் ஒரே குழாயில் வந்தால் அவை இரண்டாகா; மண்வெட்டியின் ஒரு வெட்டில் இரண்டும் போகும்.

மூன்றாவதாக, ஒவ்வொரு கிளையிலும் ஒன்றிரண்டு தனிக் கணினிகளேனும் முழுமையான பாதுகாப்புடன் எஞ்சியிருக்க வேண்டும். திரை இருண்ட நேரத்தில் படிவம் பெறவும், ஒப்புகை தரவும், அவசரத் தேவையைக் குறித்துக்கொள்ளவும் அவை உதவும். அத்தகைய நேரங்களில் என்ன செய்வது என்பதை ஊழியர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி செய்து பார்க்க வேண்டும்.

நான்காவதாக, எங்கிருந்தும் வேலை செய்யலாம் என்ற வசதியைக் காட்டிக் கிளைகளில் ஆள் குறைக்கலாகாது. கணினி மேசையை விட்டுப் போகலாம். வாடிக்கையாளரின் முகம் பார்த்துப் பதில் சொல்பவர் அங்கே இருக்க வேண்டும்.

இத்தொழில்நுட்பம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நான் கூறமாட்டேன். திரையைக் கைப்பேசியில் படம் எடுப்பதை அது முற்றாகத் தடுக்க இயலாது. ஏமாற்றுக்காரரிடம் வாடிக்கையாளர் தாமே ஓடிபி எண்ணைச் சொல்லிவிட்டால், கோப்பு எங்கே இருந்தும் பயனில்லை. ஆகவே வாடிக்கையாளர்களுக்கும் சில வேண்டுகோள்கள்.

ஆதார், பான் படிகளை ஊழியரின் சொந்த வாட்ஸ்அப் எண்ணுக்கோ சொந்த மின்னஞ்சலுக்கோ அனுப்பாதீர்கள். அவசரம் என்று எவர் கேட்டாலும் வங்கியின் அதிகாரப்பூர்வ வழியையே கோருங்கள். ஆதார் படி தர நேரும்போது முதல் எட்டு இலக்கங்களை மறைத்த படி போதுமா என்று கேளுங்கள். கொடுக்கும் ஆவணம் எதற்குப் பயன்படும், எங்கே வைக்கப்படும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அக்கேள்வியை எந்த அலுவலரும் அவமதிப்பாகக் கொள்ளலாகாது. இணைப்பு இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால், நீங்கள் வந்த நேரத்தைக் குறித்து ஒப்புகை கேளுங்கள். குறையை வங்கிக்கு எழுத்து மூலம் தெரிவித்து 30 நாட்களுக்குள் பதில் வராவிடில், ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தின் கீழ் முறையிடலாம்.

தொழில்நுட்பத் தீர்மானங்கள் தலைமை அலுவலகத்தின் மூடிய அறையில் எடுக்கப்படுகின்றன. அவற்றின் விளைவு கிளையின் வரிசையில் தெரிகிறது. வரிசையில் நிற்பவர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினால், அந்த அறையில் எடுக்கப்படும் தீர்மானங்களும் செம்மையாகும் என்பது என் உறுதியான நம்பிக்கை.